பாதிப் பாட்டில் எடுத்த முள்

1

இங்கே லாரி பின்பக்கமாக வரும்போது கத்துகிறது. கீ, கீ, கீ என்று, நிற்கிற வரைக்கும் விடாமல் கத்துகிறது.

எங்கள் சந்து குறுகல். குப்பை லாரி உள்ளே வந்து திரும்ப இடம் கிடையாது. அதனால் பெரிய தெருவிலிருந்து பின்பக்கமாகவே வரும். எதிர்வீட்டுச் சீனத்து அம்மா ஜன்னலைப் படாரென்று சாத்துவார். என் மகள் ஷமீமா தலையணையை எடுத்துக் காதில் அமுக்கிக்கொள்வாள். நான் மட்டும் எழுந்து உட்கார்ந்து அது ஓய்கிற வரை கேட்பேன். ஓய்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

"அதுல கேக்குறதுக்கு என்னம்மா இருக்கு? லாரிதானே லா" என்பாள் மகள். இந்த ஊர்ப் பேச்சில் எல்லாவற்றின் கடைசியிலும் ஒரு 'லா' வந்து ஒட்டிக்கொள்ளும்.

நான் பினாங்குக்கு வந்து ஐம்பது வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. கொடைக்கானலில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மளிகைச் சீட்டும் ஊருக்குக் கடிதமும் தவிர ஒன்றும் எழுதிப் பழக்கமில்லை. பழனியில் சின்னப் பத்திரிகை நடத்துகிற என் தங்கச்சி மகன், "பெரிம்மா, அங்க இருக்குறதப் பத்தி எதாவது எழுதிக் குடுங்க" என்று வெகுநாளாகக் கேட்கிறான். எனக்கு என்ன எழுதத் தெரியும் என்று தட்டிக்கொண்டே வந்தேன். போன மாதம் என் வீட்டு மாடியில் ஒரு சண்டை நடந்தது. அதைக் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தேன்.

சண்டை வேறொன்றுமில்லை. என்ன பாட்டுப் போடுவது என்பதுதான்.

ஷமீமாவும் அவளுடைய சிநேகிதர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எங்கள் மாடியில் ஒரு தமிழ் ரேடியோ நடத்துகிறார்கள். கம்ப்யூட்டர் வழியாகப் போகிற ரேடியோ. சுற்று வட்டாரக் கடைக்காரர்கள்தான் விளம்பரம் தருகிறார்கள். இப்போது கேட்கிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், விளம்பரமும் குறைகிறது. இந்த வருசம் நிமிரவில்லை என்றால் மூடிவிட வேண்டியதுதான். ஒருவன் பழைய பாட்டு மட்டும் போடு என்கிறான். இன்னொருத்தி புதுப் பாட்டு இல்லாமல் சின்னவர்கள் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்கிறாள். நான் தேத்தண்ணித் தட்டோடு படியில் நின்றேன். உள்ளே ஷமீமாவின் குரல் கேட்டது.

"ஏன் அடிச்சுக்கிறீங்க? எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுட்டாப் போச்சு."

தட்டைப் படியிலேயே வைத்துவிட்டேன். அதே வார்த்தையை அவளுடைய அத்தா, என் வீட்டுக்காரர், சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவள் பிறப்பதற்கு முன்னால்.

2

வீடு என் பெயரில் இருக்கிறது. மாடியில் ரேடியோ நடத்த நகராட்சியில் அனுமதி புதுப்பிக்க வேண்டும், வீட்டுக்காரி நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்றார்கள். ஷமீமா என்னை வாசலில் இறக்கிவிட்டுக் காரை நிறுத்தப் போனாள். அதற்குள் என் முறை வந்துவிட்டது.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மலாய்த் தம்பி. மரியாதையான பிள்ளை. மாடியில் என்ன நடக்கிறது என்று மலாயில் கேட்டார். கேள்வி புரிந்தது. மீன் சந்தையில் எனக்கு மலாய் ஓடும், அலுவலகத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பாட்டுக்கு அவர்கள் சொல்கிற வார்த்தை 'லாகு'. நன்றாகத் தெரிந்த வார்த்தை. அந்த நேரம் வரவில்லை.

"பாட்டு" என்றேன்.

அவர் பேனாவை நிறுத்திவிட்டு "பாத்து?" என்றார்.

"பாட்டு, பாட்டு. நிறையப் பாட்டு" என்றேன்.

மலாயில் அந்த வார்த்தைக்குக் கல் என்று அர்த்தம். பத்துமலை என்கிறோமே, அந்தப் பத்து எண் இல்லை, கல்தான். அவர் முகம் மாறிவிட்டது. பழைய வீடு, பலகைத் தளம், மேலே நிறையக் கல் ஏற்றி வைத்திருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். எவ்வளவு பெரிய கல் என்று கையை அகட்டிக் காட்டிக் கேட்டார். நான் தலையைத் தலையை ஆட்டினேன்.

ஷமீமா வந்து விஷயத்தைச் சொன்னதும் இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவர் எழுதியதை அடித்துவிட்டு எனக்கு நெஞ்சில் கைவைத்து வணக்கம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வாழ்க்கையில் பாட்டும் கல்லும் ஒரே நாளில் வந்தவை.

3

கொடைக்கானலில் எங்களுக்கும் ஒரு ரேடியோ ஸ்டேஷன் இருந்தது. ஐம்பதுகளின் கடைசி.

அப்போது எங்கள் பக்கம் மைக்செட்டையே ரேடியோ என்றுதான் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் பழனி அடிவாரத்தில் மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். அவர் பெயரை எழுத இப்போதும் கை கூசுகிறது, அவர் என்றே எழுதுகிறேன். கல்யாணம் ஆனதும் செட்டை பஸ் கூரைமேல் ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்துவிட்டார். என் தாய்மாமா சையது ராவுத்தருக்குக் கடைத்தெருவில் மொத்த மளிகைக் கடை. அந்தக் கடை மாடியில் மாமா ஓர் அறை கொடுத்தார். அங்கிருந்து கம்பி இழுத்து நாலு குழாய் ஒலிபெருக்கி கட்டினார் அவர். பஸ் நிற்கிற இடத்தில் ஒன்று, எங்களுக்கு நேர் கீழே சந்தை வாசலில் ஒன்று, பள்ளிவாசல் தெரு முனையில் ஒன்று, ஏரி இறக்கத்தில் ஒன்று. காலையிலும் சாயங்காலமும் பாட்டு, சந்தை நாளில் நாள் முழுக்க. நடுவே கடைக்காரர்கள் விளம்பரம்.

"அன்பார்ந்த நேயர்களே, ஸ்வெட்டர் வாங்காம ஏரிக்குப் போகாதீங்க. போனா ஊருக்குத் திரும்புறது நீங்க இல்ல, உங்க இருமல்!"

இப்படி அவர் பேசினால் சீசனுக்கு வந்தவர்கள் நின்று சிரிப்பார்கள். ஊரில் எல்லோரும் 'ஸ்டேஷன்காரர்' என்றார்கள். அவருக்கு அதில் அவ்வளவு பெருமை.

விளம்பரம் கேட்கக் கடை கடையாக அவர் போய்விடுவார். மழைக் காற்றில் கம்பி அறுந்தால் கம்பத்தில் ஏறவேண்டும், அதுவும் அவர் சோலி. மாடியில் ரிக்கார்டு மாற்றுவது நான். ரிக்கார்டைத் துடைத்து வைத்து, முள்ளை மாற்றி, ஓரத்தில் மெதுவாக இறக்குவேன். ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தது. பக்கத்தில் மைக் இருக்கும். "ஒரு தடவ பேசிப் பாரு புள்ள, நாலு தெருவுக்கும் உன் குரல் போகும்" என்பார். நாலு தெருவுக்கும் போகும் என்பதுதான் எனக்குப் பயமே. அந்த மைக்கைத் துடைக்கும்போதுகூட வாயை மூடிக்கொள்வேன், மூச்சுச் சத்தம் வெளியே போய்விடுமோ என்று.

4

முதல் சீசன் நன்றாகப் போனது. இரண்டாவது வருசம் விளம்பரம் ஒவ்வொன்றாக நின்றது. காரணம் பாட்டு.

மாமா மாடி ஏறி வந்து செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்னார். "ஏ புள்ள ஜெய்பு, எங்கடைக்கு மேல இருந்து காதல் பாட்டு எறங்குது. அஞ்சு வேளை தொழுகுற மனுசன் அதுக்குக் கீழ உக்காந்து பருப்பு நிறுக்கேன். நல்ல பாட்டாப் போடச் சொல்லு உம் மாப்பிள்ளைய."

எதிரே பழனிக்காரர் வேலுச்சாமி அண்ணனின் ஓட்டல். அவருக்கு முருகன் பாட்டு வேண்டும், சினிமாப் பாட்டும் வேண்டும். "பாட்டு நல்லாருந்தா ஒருத்தன் ரெண்டாவது காப்பி குடிப்பான். ராவுத்தர் கடைல பருப்பு வாங்குறவன் பாட்டுக் கேட்டா வாங்குறான்?" என்பார். ஒரு தடவை முருகன் பாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் பஸ் தாமதம் என்று அறிவிப்பதற்காக என் வீட்டுக்காரர் பாட்டை நடுவில் நிறுத்திவிட்டார். வேலுச்சாமி அண்ணன் தோளில் துண்டோடு தெருவுக்கே வந்துவிட்டார்.

"என்னய்யா ஸ்டேஷன்காரரே! முருகன் மயில்ல ஏறப்போற நேரமாப் பாத்து எறக்கி விட்டுட்டீரே! உம்ம சாமி பாட்டுன்னா இப்பிடி வெட்டுவீரா?"

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் விளம்பரத்தை நிறுத்திவிட்டார். அன்று வந்தது ஒரு சட்டம். முள்ளை வைத்தால் பாட்டு முழுசாக ஓட வேண்டும். இடி விழுந்தாலும் நடுவில் எடுக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் என்னிடம் சத்தியம் வாங்காத குறைதான்.

கடைசியாக ஊர் நிர்வாக ஆபீசர் கூப்பிட்டுவிட்டார். சீசன் வீட்டு வெள்ளைக்காரர்கள் சத்தம் என்று புகார் சொல்கிறார்கள், போடுவதென்றால் பாண்டு வாத்தியம் மாதிரி இதமாக எதாவது போடு என்றாராம். போனவர் முகம் வெளுத்துத் திரும்பினார்.

"ஒரு ஞாயித்துக்கெழம ஓட்டிக் காட்டணுமாம். ஆபீசரே கடைத்தெருவுல நின்னு கேப்பாராம். அன்னிக்கு ஒரே ஒரு புகார் வந்தாலும் மறுநாள் குழாய எறக்கிரணுமாம்."

"எறக்கிட்டா?"

"பினாங்குதான்."

அவர் பிறந்ததே பினாங்கில். அவருடைய அத்தாவுக்கு அங்கே கடை இருந்தது. வந்து கடையைப் பார் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் மலையை விட்டு வத்தலக்குண்டுக்கு இறங்கினாலே காது அடைத்துக்கொள்கிறவள். கடலைப் பார்த்ததில்லை. என் அம்மா, தங்கச்சி எல்லோரும் அந்தத் தெருவிலேயே இருந்தார்கள். அந்த நாலு குழாயும் மேலே இருக்கிற வரைக்கும்தான் நான் ஊரில் இருப்பேன் என்று புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு காற்று அடித்தால்கூட எழுந்து ஜன்னலில் நின்று குழாயைப் பார்ப்பேன்.

அவர் தாடையைத் தடவியபடி அறைக்குள் நடந்துகொண்டிருந்தார். பிறகு சட்டென்று நின்று சொன்னார். "எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுட்டாப் போச்சு."

முருகன் பாட்டு ஒன்று, தர்காப் பாட்டு ஒன்று, மாதா பாட்டு ஒன்று, பாண்டு வாத்தியம் ஒன்று, சினிமாப் பாட்டு ஒன்று. மறுபடி முதலிலிருந்து. யாருக்கும் கூடக் கூடாது, குறையக் கூடாது. எதுவும் பாதியில் நிற்கக் கூடாது.

யார் கேட்பார்கள், யார் கோபப்படுவார்கள் என்றெல்லாம் யோசித்தோம். கீழே சந்தையில் இருப்பவர்களுக்கு வேறு எதையாவது கேட்க வேண்டியிருக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மாமாவுக்கும் தோன்றவில்லை, ஆபீசருக்கும் தோன்றவில்லை.

5

ஷமீமாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ரேடியோவில் வாசிக்க வேண்டியதை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொள்கிறாள். 'வணக்கம்' என்பதை அந்த எழுத்தில் பார்த்தால் எனக்கு ஏதோ மருந்தின் பெயர் மாதிரி இருக்கும். கேட்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. குரல் அப்படியே அவளுடைய அத்தாவின் குரல்.

நான் ரிக்கார்டு மாற்றியதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அத்தா மைக்செட் வைத்திருந்தார், நட்டம் வந்தது, பினாங்கு வந்தோம். இவ்வளவுதான் சொல்லியிருந்தோம். இங்கே வந்த பிறகு அவர் மைக் பக்கமே போகவில்லை. கடையில் மிளகாய் விலை சொல்லும்போது மட்டும் சில சமயம் "அன்பார்ந்த நேயர்களே" என்று ஆரம்பித்துவிட்டு என்னைப் பார்த்து நிறுத்திக்கொள்வார்.

மாடியில் அவர்கள் ஒருவழியாக முடிவுக்கு வந்துவிட்டார்கள். பழசு ஒன்று, புதுசு ஒன்று, நடுவில் மலாய்ப் பாட்டு ஒன்று. பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தாள். சத்தம் உள்ளே வராமல் இருக்க ஜன்னலைப் பஞ்சுப் பலகை வைத்து அடைக்க ஆள் வரப்போவதாகச் சொன்னாள்.

"எதுக்கு அடைக்கிற?" என்று கேட்டேன்.

"குப்பை லாரிம்மா. நான் பேசும்போது கீ கீன்னு உள்ள வந்து விழுகுது. கேக்குறவங்க சிரிக்கிறாங்க லா."

6

அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே எழுந்து ரிக்கார்டுகளை வரிசையாக அடுக்கி வைத்தேன்.

ஞாயிறு என்றால் சந்தை. கவுஞ்சி, போளூர் பக்கமிருந்து மட்டக்குதிரையில் பொதி ஏற்றிக்கொண்டு மேல்மலைக்காரர்கள் வருவார்கள். உருளைக்கிழங்கும் பூண்டும் ஏற்ற கீழ்நாட்டு லாரிகள் வரும். சந்தை வாசல் சின்னது. ஒருபக்கம் கருங்கல் சுவர். லாரி பின்பக்கமாகத்தான் உள்ளே வர வேண்டும். கிளீனர் பையன்கள் பின்னால் நின்று லாரிப் பலகையில் தட்டுவார்கள். தட்டிக்கொண்டே இருந்தால் வரலாம் என்று அர்த்தம். தட்டுவது நின்றால் டிரைவர் நிறுத்திவிட வேண்டும். இதை நான் மாடியிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

மதியம் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. ஆபீசர் வேலுச்சாமி அண்ணன் ஓட்டல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாண்டு வாத்தியத்துக்கு மட்டும் தலையாட்டினார். முருகன் பாட்டு வந்தபோது வேலுச்சாமி அண்ணன் ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டார். மாமா கடையில் பேசாமல் இருந்தார். சினிமாப் பாட்டுக்கும் பேசாமல் இருந்தார். என் வீட்டுக்காரர் கீழே நின்று நிமிர்ந்து பார்த்து எனக்குச் சிரித்துக் காட்டினார். இன்னும் இரண்டு சுற்று ஓடினால் போதும் என்று நினைத்தேன்.

பகல் சாய்ந்ததும் மூடுபனி இறங்கியது. மலையில் அது அப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் வரும். கொஞ்ச நேரத்தில் எதிரே இருக்கிற ஓட்டல் மறைந்தது, ஆபீசர் மறைந்தார், கீழே சந்தை வாசல் மறைந்தது. பனிக்குள்ளிருந்து ஆள் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

தர்காப் பாட்டின் முறை. முள்ளை இறக்கினேன். அந்தப் பாட்டில் தப்ஸ் மேளத்தின் அடி நடுவிலிருந்து வலுக்கும். டப் டப், டப் டப் என்று.

டணாரென்று ஒரு சத்தம். சந்தை வாசல் குழாய் கரகரத்து ஊமையாகிவிட்டது. கல் விழுந்திருக்கிறது என்று ஒரு நொடியில் புரிந்தது. மற்ற மூன்று குழாயும் பாடிக்கொண்டிருந்தன.

"எறிஞ்சுட்டான்! பாய் பாட்டுக்குக் கல்ல எறிஞ்சுட்டான்!"

"எவன்டா அவன்? புடிங்கடா!"

"ஏலே, போளூர்க்காரன்லே!"

மாமா கடையில் மரக்கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. எதிர்ப்பக்கம் யாரோ, "எங்க ஆள் மேல கை வச்சா நடக்குறதே வேற" என்று கத்தினார்கள். எங்கள் தெருவில் அதற்கு முன்னால் அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை.

கீழிருந்து அவருடைய குரல் வந்தது. "நிறுத்தாத புள்ள! முள்ள எடுத்துறாத! பாட்டு ஓடட்டும்!"

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. முள்ளை எடுத்தால் கல்லுக்குப் பயந்து பாட்டை நிறுத்தியதாக ஆகிவிடும். எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள். நிறுத்தாமல் ஓடினால் ஒன்றும் நடக்காத மாதிரி சமாளித்துவிடலாம்.

திரையை விலக்கிக் கீழே பார்த்தேன். நாலைந்து பேர் ஒரு மனுசனைப் பிடித்து எங்கள் சுவரோடு சேர்த்து அமுக்கியிருந்தார்கள். சின்னாண்டி. எங்கள் மாமா கடைக்குப் பூண்டு போடுகிற போளூர்க்காரர். வாய் ஓரம் ரத்தம். அவர் வாய் திறந்து திறந்து மூடுகிறது, சத்தம் என் காதுக்கு வரவில்லை. அடிக்கிறவர்களை அவர் பார்க்கவே இல்லை. சந்தை வாசல் பக்கமாகவே கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிடிக்குள் இருந்த கை அந்தப் பக்கமே நீண்டது.

அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டும். என் பாட்டு விடவில்லை.

மைக் பக்கத்தில்தான் இருந்தது. வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. அப்போது பனியோடு பூண்டு வாசனை வந்தது. பச்சைப் பூண்டை அம்மியில் வைத்து நசுக்கினால் வருமே, அந்த நெடி. யார் இங்கே பூண்டை நசுக்குகிறார்கள்?

கை தானாகப் போய் முள்ளை எடுத்தது. எடுத்த அவசரத்தில் ரிக்கார்டின் மேல் கீறிக்கொண்டு போனது.

தெரு அமைதியானது. அந்த அமைதியில் முதலில் லாரி எஞ்சின் உறுமல் கேட்டது. அப்புறம் சின்னாண்டி குரல்: "காளி! காளியம்மா உள்ள கெடக்கா! லாரிய நிப்பாட்டுங்கய்யா!" அதற்கும் அடியில், சுவருக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ஒரு பெண்ணின் குரல். மெலிந்த குரல்.

எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். என் வீட்டுக்காரர் முன்னால் ஓடி லாரிக் கதவில் ஓங்கி அடித்தார்.

7

சின்னாண்டியின் சம்சாரம் காளியம்மா பிழைத்துக்கொண்டார். கருங்கல் சுவருக்கும் லாரிக்கும் நடுவில் அகப்பட்டிருந்தார். முதுகில் இருந்த பூண்டு மூட்டைதான் முதலில் நசுங்கியது. இன்னும் ஒரு சாண் வந்திருந்தால் மூட்டை தாங்கியிருக்காது. ஒரு கை முறிந்தது, அவ்வளவோடு போனது.

டிரைவர் தலையில் கைவைத்துக்கொண்டு லாரிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "தட்டுற சத்தம் கேட்டுச்சுய்யா. டப்பு டப்புன்னு கேட்டுச்சு. வரலாம்னுதானே வந்தேன்?"

கிளீனர் பையன் பலகையில் தட்டுவதை எப்போதோ நிறுத்தியிருந்தான். நில்லு நில்லு என்று கத்தியும் இருக்கிறான். டிரைவர் காதில் விழுந்தது தப்ஸ் அடி. சின்னாண்டி ஓடிப்போய்க் கத்திப் பார்த்திருக்கிறார். பனியில் டிரைவருக்கு ஆள் தெரியவில்லை, குழாய்க்குக் கீழே குரலும் எடுபடவில்லை. குழாயை ஊமையாக்கினால் கேட்கும் என்று கல்லை எடுத்திருக்கிறார்.

அடித்தவர்களே சின்னாண்டிக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். சாயங்காலம் மாமா மாடிக்கு வந்தார். அன்றைக்குச் செருப்பைக் கழற்றினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பாட்ட எடுத்தது நீயா, அவரா?"

"நாந்தான் மாமா."

"அல்லா பேரு வர்ற பாட்டு புள்ள. பாதியில வெட்டிட்ட."

"ஒரு உசுரு மாமா."

"அது எனக்குத் தெரியும். நீ செஞ்சது சரின்னு நாளைக்கு நானே சொல்வேன். ஆனா பள்ளிவாசல்ல என்ன பேசுறாங்க தெரியுமா? கல்லு விழுந்துச்சு, ராவுத்தர் வீட்டுப் புள்ள பயந்து நிறுத்திருச்சுன்னு பேசுறாங்க. அந்தப் பக்கம், பாய் பாட்டு லாரி ஓட்டுச்சுன்னு சிரிக்கிறாங்க. ரெண்டையும் கேட்டுக்கிட்டு நான் இந்த மாடிய வச்சிருக்க முடியுமா?"

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிரவில்லை. மாமாவுக்குக் கண் கலங்கியிருந்தது. மறுநாள் ஆபீசர் சொல்லாமலே அவர் கம்பத்தில் ஏறிக் குழாய்களை இறக்கினார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் வேலுச்சாமி அண்ணன் ஒரு பொட்டலம் முறுக்கு கொண்டுவந்தார். அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தது.

"நல்ல காரியம் செஞ்ச தங்கச்சி. யாரும் செய்யமாட்டாக." பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். "தப்பா எடுத்துக்காத, மனசுல கெடந்து அரிக்குது. அன்னிக்கு எங்க முருகன் பாட்டு ஓடிக்கிட்டு இருந்தா, எடுத்திருப்பியா?"

"எடுத்திருப்பேண்ணே" என்றேன்.

உடனே சொல்லிவிட்டேன். கப்பலில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நம் வீட்டுப் பாட்டு என்பதால் கை துணிந்ததா? அடுத்தவர்கள் பாட்டாக இருந்தால், ஊர் எரிந்துவிடும் என்று பயந்து, அது முடிகிற வரை காத்திருப்பேனா? அந்தப் பாட்டு முடிய இன்னும் பாதி இருந்தது. காளியம்மாவுக்கு அவ்வளவு நேரம் இல்லை. காலையில் லாரி கத்தும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதனால்தான். இங்கே யாரும் தட்ட வேண்டியதில்லை, லாரியே தட்டிக்கொள்கிறது. என்ன பாட்டு ஓடினாலும் அது கேட்கும். அது எனக்கு ஆறுதல்.

8

இதையெல்லாம் ஷமீமாவிடம் சொன்னேன். ஜன்னலை அடைக்க ஆள் வந்து கீழே பலகைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, சமையல்கட்டில் வைத்துச் சொன்னேன்.

"இதை ஏம்மா இவ்வளவு நாளாச் சொல்லல?"

"கேக்கலையே."

"அத்தா உங்களக் கோவிச்சுக்கிட்டாங்களா?"

"ஒரு வார்த்தை சொல்லல. கப்பல்ல ஏறும்போது கையப் புடிச்சுக்கிட்டாக. அவ்வளவுதான்."

என் கையைப் பிடித்து, "இப்ப நாங்க என்ன பாட்டும்மா போடுறது? நீங்க சொல்லுங்க" என்றாள். என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை.

"எதையாச்சும் போடு. ஜன்னல மட்டும் அடைக்காத."

"சத்தம் உள்ள வருமே?"

"வரட்டும்."

அவள் சிரிக்கவில்லை. பலகைக்காரரைத் திருப்பி அனுப்பினாளா என்று நான் கேட்கவும் இல்லை.

போன வாரம் ஒரு காலை. புதுப் பட்டியல்படி ரேடியோ ஓட ஆரம்பித்துச் சில நாள் ஆகியிருந்தது. நான் கீழே ரொட்டி சுட்டுக்கொண்டே அவள் வாங்கிக் கொடுத்த சின்ன ரேடியோப் பெட்டி மாதிரியான ஒன்றில் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல பழைய பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வெளியே கீ, கீ, கீ என்று லாரி வந்தது. தெருவிலும் கேட்டது, மாடி மைக் வழியாக ரேடியோவுக்குள்ளும் கேட்டது. ஜன்னல் திறந்துதான் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

பாட்டு பாதியில் நின்றது.

என் கையில் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. அவளுடைய அத்தாவின் குரலில், தெருவுக்குள் நின்று பேசுகிற மாதிரி, ஷமீமா சொன்னாள்.

"அன்பார்ந்த நேயர்களே, எங்க சந்துல லாரி பின்னால வருது. பின்னாடி நிக்கிறவங்க கொஞ்சம் ஒதுங்கிக்கங்க. லாரி நின்னதும் பாட்டு தொடரும்."

எதிர்வீட்டுச் சீனத்து அம்மா ஜன்னலைச் சாத்தவில்லை. நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். லாரி வந்தது, நின்றது. கத்துவதும் நின்றது. பின்னால் யாரும் இல்லை.

விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது.